பி.இ. படிக்கிற பிள்ளை எப்போது ஆராய்ச்சியாளர் ஆகிறது?

பொறியியல் படிக்கிற பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் பிப்ரவரி, மார்ச் வந்தால் ஒரு சண்டை தொடங்கும். கோடை விடுமுறையில் என்ன செய்வது என்று. இங்கே மினியாபொலிஸில் எங்கள் நண்பர்கள் வட்டத்தில் இந்த வருடம் அது மூன்று வீடுகளில் நடந்தது. ஒரு வீட்டில் மகள் இரண்டாம் வருடம் மெக்கானிக்கல். பெரிய கம்பெனி ஒன்றில் இன்டெர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு பல்கலைக்கழக லேப் ஒன்றில் பத்து வாரம் உட்காரப் போகிறேன் என்கிறாள். பணம் கம்பெனி தருவதில் பாதிகூட இல்லை. அப்பா என்னிடம் வந்து, "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, உங்க பேச்சை கேப்பா" என்றார்.

நான் சொன்ன வார்த்தை அவருக்குப் பிடிக்கவில்லை. "அவ இஷ்டப்படி விடுங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று சாப்பாட்டு மேசையில் விளக்க முடியவில்லை. இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நம் வீடுகளில் ஆராய்ச்சி என்ற சொல்லுக்கு ஒரு படம் இருக்கிறது. தாடி, சோடாபுட்டி கண்ணாடி, முப்பது வயது தாண்டியும் கல்யாணம் ஆகாமல் பி.எச்டி. அது ஏதோ ஒரு சாதிப் பிள்ளைகளுக்கோ, ஏதோ ஒரு மேதைக்கோ உரியது. நம் பிள்ளை பி.இ. முடித்து வேலைக்குப் போக வேண்டியது. பட்டம் வாங்கிய பிறகு யாருக்காவது பைத்தியம் பிடித்தால் ஆராய்ச்சிக்குப் போகலாம். பி.இ. படிக்கும்போதே ஒருவர் தன்னை ஆராய்ச்சி செய்கிறவராக நினைத்துக்கொள்ளலாம் என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை.

தோன்றாததற்குக் காரணம் நாம் படித்த விதம். தமிழ்நாட்டில் பொறியியல் படித்தவர்கள் எல்லாருக்கும் கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட் ஞாபகம் இருக்கும். முதல் ரிவ்யூவில் கைடு கேட்கிற முதல் கேள்வி, "பேஸ் பேப்பர் எங்கே?" அதாவது போன ஒன்றிரண்டு வருடத்தில் வெளிவந்த ஐ.ட்ரிபிள்.ஈ. கட்டுரை ஒன்றைக் காட்ட வேண்டும். யாரோ எங்கோ கேட்ட கேள்வி, அவர்களே சொன்ன பதில். நம் வேலை அதைத் திரும்ப ஓட்டிக் காட்டுவது. அதற்கும் நேரம் இல்லாதவர்களுக்காக சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் ப்ராஜெக்ட் சென்டர்கள். பணம் கொடுத்தால் கோடு, ரிப்போர்ட், வைவாவுக்குக் கேள்வி பதில் எல்லாம் ஒரே கவரில் கிடைக்கும். எங்கள் வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முதலில் பார்த்தது பைண்டிங்கை. தங்க எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு மாதம் சர்க்யூட்டோடு மல்லுக்கட்டிய எங்கள் குழுவுக்கும், சென்டரில் வாங்கி வந்த பக்கத்துக் குழுவுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண்.

இதில் பிள்ளைகளைத் திட்டி லாபம் இல்லை. நாலு வருடம் ஒருவரிடம் "விடை புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தால், கடைசி நாலு மாதத்தில் அவர் எங்கிருந்து கேள்வி கேட்பார்?

சரி, நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஊருக்குப் போயிருந்தபோது அக்கா குடும்பத்தோடு பொன்முடிக்குப் போனோம். எங்களுக்கு நாகர்கோவில். திருவனந்தபுரம் பக்கத்து வீடு மாதிரி. நெடுமங்காடு, விதுரா தாண்டினால் கல்லாறு. அங்கிருந்துதான் பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகளும் வரும். பெயருக்கு ஏற்ற ஆறு. யானைக்குட்டி அளவுக்கு உருண்டை உருண்டையாகப் பாறை, இடையிலே கண்ணாடி மாதிரித் தண்ணீர். கீழே போய் இதுதான் வாமனபுரம் ஆறாகிறது. பார்த்தாலே குளிக்கத் தோன்றும். குளிக்கப் போய் உயிரை விட்டவர்களும் உண்டு. எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள்.

சாயாக் கடைக்காரர் எங்கள் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கப் பார்த்ததும் கடையை விட்டு ஓடி வந்தார். "இங்கே வெயில் அடிக்கும். மேலே மழை பெய்யும். உங்களுக்குத் தெரியாது. மலவெள்ளம் வந்தால் ஏற நேரம் கிடைக்காது" என்றார் பாதி மலையாளத்தில். அக்கா மகன் அப்போது மூன்றாம் வருடம் ஈ.சி.ஈ. குமரி மாவட்டத்தில் சாதாரணக் கல்லூரி. அவன் கேட்டான்: "மேலே மழை பெய்து எத்தனை நிமிஷத்தில் தண்ணி இங்கே வரும் சேட்டா?" கடைக்காரர் கையை விரித்தார். "அது மழைக்கு மழை மாறும் மோனே."

காரில் திரும்பும்போது அவன் என்னிடம் கேட்டது: "மாமா, இது எந்தப் புக்குல இருக்கும்?" எந்தப் புத்தகத்திலும் இருக்காது என்றேன். பொதுவான சூத்திரங்கள் உண்டு. சரிவு எவ்வளவு, ஓடையின் நீளம் எவ்வளவு என்று போட்டு ஒரு தோராயம் சொல்லலாம். ஆனால் இந்த வளைவில், இந்தப் பாறைக்குப் பக்கத்தில் எத்தனை நிமிடம் என்பதை யாராவது வந்து அளந்தால்தான் உண்டு.

அடுத்த மழைக்காலத்தில் அளக்கப் போய்விட்டான்.

செய்தது ரொம்பச் சின்ன விஷயம். ஆற்றை ஒட்டித் தோட்டம் வைத்திருந்த ஒருவரிடம் கேட்டு, அவருடைய கல்சுவரிலிருந்து தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஓர் இரும்புக் குழாய். அதன் நுனியில் மீயொலி சென்சார். கீழே ஒலியை அனுப்பி, அது தண்ணீரில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்து எவ்வளவு தூரத்தில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லும். கூட ஓர் ஆர்டுயினோ. மேலே பொன்முடியில் கடைக்காரருக்குத் தெரிந்த ஒருவர், மழை தொடங்கினால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுவார். இதெல்லாம் சேர்த்து ஒரு நல்ல போன் விலைகூட வராது.

ஒரு நாள் இங்கே காலை நேரம், அங்கே ராத்திரி. போன். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "மாமா, ஆறு தினமும் மத்தியானம் அஞ்சு சென்டிமீட்டர் ஏறி ராத்திரி எறங்குது! மழையே இல்லாத நாள்லயும்!" ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறான். என் தொழில் இதுதான். கருவி சொல்லும் எண்ணை நம்பலாமா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பதில் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. "நீ அளக்கிறது தண்ணியையா, நேரத்தையா?" என்று மட்டும் கேட்டேன்.

இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டான். காற்று சூடானால் ஒலி வேகமாகப் போகும். ஒரு டிகிரிக்கு நொடிக்கு சுமார் 0.6 மீட்டர். சென்சாருக்கும் தண்ணீருக்கும் இடையே மூன்று மீட்டர். பகலுக்கும் இரவுக்கும் பத்து டிகிரி வித்தியாசம் என்றால் கணக்கில் சுமார் ஐந்து சென்டிமீட்டர் பிசகும். ஆறு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வெயில்தான் ஏறி இறங்கியிருக்கிறது. கூடவே ஒரு வெப்பமானி மாட்டி, கணக்கைத் திருத்திவிட்டான்.

என்னைக் கேட்டால் அந்த மூன்று நாளில்தான் அவன் ஆராய்ச்சியாளர் ஆனான். தன் கையால் எடுத்த எண்ணை, தனக்கு ரொம்பப் பிடித்த எண்ணை, தானே சந்தேகப்பட்டான். அதைச் சந்தேகப்பட அவனுக்கு ஒரு காரணம் இருந்தது. அந்த எண்ணை நம்பி யாராவது ஆற்றில் இறங்கலாம். வைவாவுக்காகச் செய்கிற ப்ராஜெக்டில் தப்பான எண்ணால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அதனால்தான் அங்கே யாரும் சந்தேகப்படுவதும் இல்லை.

இதற்கு அக்கா சொன்னது: "ஆத்தங்கரைல நின்னு மழைய எண்ணதுக்கா நான் இம்புட்டு பீஸ் கெட்டுனேன்?" :-)

கல்லூரியில் கைடு பேஸ் பேப்பர் கேட்டார். இவனிடம் இல்லை. தலைப்பை மாற்றச் சொன்னார்கள். அந்தத் துறையில் இருந்த இளம் ஆசிரியை ஒருவர்தான் குறுக்கே வந்தார். சனிக்கிழமை லேப் சாவியை அவனிடம் கொடுத்தார். ஒரு முறை வெளியிலிருந்து வந்தவரிடம், "இவர் கல்லாற்று வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்" என்று அறிமுகம் செய்தாராம். ரோல் நம்பர் சொல்லவில்லை, மதிப்பெண் சொல்லவில்லை. 'இவர்' என்றார். அதை அவன் என்னிடம் மூன்று தடவை சொன்னான். முகம் கண்ணாடியில் தெரிவது மாதிரி, நாம் யார் என்பது பாதி நேரம் அடுத்தவர் வாயில்தான் நமக்குத் தெரிகிறது.

முடிவில் என்ன கிடைத்தது? உலகம் வியக்கும்படி ஒன்றும் இல்லை. பத்துக்கும் குறைவான மழைகள்தான் பதிவாயின. சிலவற்றில் கருவி நனைந்து செத்துவிட்டது. காடு ஏற்கெனவே நனைந்திருந்தால் வெள்ளம் சீக்கிரம் வருகிறது, காய்ந்திருந்தால் தாமதமாகிறது என்பது தெரிந்தது. இது நீரியல் படித்தவர்களுக்குப் பழைய செய்தி. அவன் இப்போது சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். பி.எச்டி. போகவில்லை, போகிற எண்ணமும் இல்லை. ஆனால் அவனோடு பேசினால் வித்தியாசம் தெரியும். "இது இப்படித்தான்" என்று யாராவது சொன்னால், "எப்படித் தெரியும்?" என்று கேட்கிறான். சண்டைக்கு இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கல்லாற்றுச் சாலையிலேயே இதைப் பெரிய அளவில் செய்கிற இடங்கள் இருக்கின்றன. விதுராவில் ஐசர். நெடுமங்காட்டுக்குப் பக்கம் வலியமலையில் ஐ.ஐ.எஸ்.டி., 2007இல் தொடங்கிய இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம். அதன் முதல் வேந்தர் நம் அப்துல் கலாம். அங்கே பி.டெக். மாணவர்களும் சேர்ந்து செய்த 'வ்யோம்' என்ற ஆய்வு ராக்கெட் 2012 மே மாதம் தும்பாவிலிருந்து ஏவப்பட்டது. 2019 ஏப்ரல் 1 அன்று போன பி.எஸ்.எல்.வி.-சி45இன் கடைசிக் கட்டத்தில் அயனி மண்டலத்தைப் பார்க்க 'ஆரிஸ்' என்ற அவர்கள் கருவி இருந்தது. 2022 பிப்ரவரி 14 அன்று பி.எஸ்.எல்.வி.-சி52இல் போன இன்ஸ்பயர்சாட்-1 என்ற சிறு செயற்கைக்கோள், அவர்களும் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது. சிங்கப்பூர், தைவான் பல்கலைக்கழகங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

"அது இஸ்ரோ பணம், ஜே.ஈ.ஈ.யில் மேலே வந்த பிள்ளைகள்" என்பீர்கள். நியாயம்தான். ஆனால் தமிழ்நாட்டுக் கதையும் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட், சுமார் 40 கிலோ, 2009 ஏப்ரல் 20 அன்று போனது. இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகம் செய்த முதல் செயற்கைக்கோள் அது. பிறகு எஸ்.ஆர்.எம்.சாட் 2011 அக்டோபரில், சத்யபாமாசாட் 2016 ஜூனில். 2017 ஜூன் 23 அன்று எங்கள் குமரி மாவட்டம் குமாரகோவிலில் இருக்கிற நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் நியூசாட், 15 கிலோ. குமாரகோவில் என்றால் எங்களுக்கு முருகன் கோவில்தான். அங்கிருந்து செயற்கைக்கோள்!

இந்த மாதிரி வேலைகளில் ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும். தொடங்கிய பேட்ச் பட்டம் வாங்கிப் போய்விடும், ராக்கெட் ஏறுவது வேறு பேட்ச் காலத்தில். அதனால் செய்தது, செய்யாமல் விட்டது, சொதப்பியது எல்லாவற்றையும் அடுத்தவருக்குப் புரியும்படி எழுதி வைக்க வேண்டும். தனக்குப் பிறகு வருகிற, முகம் தெரியாத ஒருவருக்காக நோட்டு எழுதுகிறவர் மாணவர் என்ற இடத்தைத் தாண்டிவிட்டார். தேர்வுத் தாள் திருத்துகிறவருக்காக எழுதுவது வேறு. அவருக்கு ஏற்கெனவே விடை தெரியும்.

கலாமைப் பற்றிச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அவர் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படிக்கும்போது மூன்று நாளில் விமான வடிவமைப்பை முடித்துக் கொடுத்த கதையை எல்லாரும் சொல்வோம், உழைப்புக்கு உதாரணமாக. அதே காலத்தில் கல்லூரித் தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே செய்ய வேண்டும் என்று தமிழில் எழுதி முதல் பரிசு வாங்கியதை யாரும் சொல்வதில்லை. பரிசைக் கொடுத்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். இதை அவரே 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தில் சொல்லியிருக்கிறார். 'நாமே' என்று எழுதும்போது அந்தக் கூட்டத்தில் தன்னையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார் இல்லையா? அப்போது அவர் மாணவர்தான்.

இங்கே அமெரிக்காவில் இதை ஒரு திட்டமாகவே ஆக்கினார்கள். மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி.யில் 1969இல் மார்கரெட் மக்விகர் என்ற பேராசிரியை இளநிலை மாணவர்களைப் பேராசிரியர்களின் ஆராய்ச்சியில் சேர்க்கும் யு.ரோப் திட்டத்தைத் தொடங்கினார். இப்போது நாட்டின் பல பல்கலைக்கழகங்களில், எங்கள் மினசோட்டாவிலும், அதே பெயரில் அதே மாதிரித் திட்டம் இருக்கிறது. இந்தியாவிலும் வழி இல்லாமல் இல்லை. அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ப்ராஜெக்டுகளுக்குச் சிறு தொகை தருகிறது. கனடாவின் மைட்டாக்ஸ், ஜெர்மனியின் டாட் எல்லாம் இந்தியப் பொறியியல் மாணவர்களைக் கோடையில் லேபுக்கு அழைத்திருக்கின்றன. ஊரில் இருக்கிற உங்கள் அண்ணன், தங்கை பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். பல கல்லூரிகளில் நோட்டீஸ் போர்டு வரைக்கும் இந்தச் செய்தி வந்து சேர்வதில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சி என்றதும் "பேப்பர் போடு" என்று பிள்ளையை விரட்டாதீர்கள். தரவரிசைக்கும் புள்ளிகளுக்கும் ஆசைப்பட்டுப் பல கல்லூரிகள் இப்போது அதைத்தான் செய்கின்றன. சென்னையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் இளநிலை மாணவர்கள் தேர்வு எழுதுவது போல உட்கார்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதுவதைப் பற்றி 2023இல் 'சயின்ஸ்' பத்திரிகையே செய்தி போட்டது. காசு கட்டினால் ஒரு வாரத்தில் அச்சாகிற ஜர்னல்களும் இருக்கின்றன. பழைய ப்ராஜெக்ட் சென்டருக்கு இது தம்பி. அங்கே பைண்டிங், இங்கே டி.ஓ.ஐ. எண். பெயர் அச்சில் வந்திருக்கும், பிள்ளைக்கு உள்ளுக்குள் தெரியும் தான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்று. ஒருவர் தன்னை ஆராய்ச்சியாளராக நினைக்காமல் இருக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

பணப் பிரச்சினையை நான் மறக்கவில்லை. கல்விக் கடன் வாங்கிப் படிக்கிற வீட்டுப் பிள்ளைக்குக் கோடைச் சம்பளம் என்பது அடுத்த வருட ஹாஸ்டல் கட்டணம். அவர்களிடம் போய் "மனசு சொல்றதைச் செய்" என்று வசனம் பேச எனக்கு உரிமை இல்லை. உதவித்தொகை உள்ள இடமாகத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் கம்பெனிக்கே போகட்டும், அங்கேயும் கேள்வி கேட்கலாம். ஆனால் இந்தப் பதிவைப் படிக்கிற நம்மில் பெரும்பாலோர் வீட்டில் நிலைமை அப்படி இல்லை. நாம் பயப்படுவது பணத்துக்காகக்கூட இல்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் கம்பெனிப் பெயரைக் கேட்டால் சொல்வதற்கு நம்மிடம் ஒரு பெயர் இருக்காதே என்றுதான்.

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் ஒரு படி. ஊரில் பல கல்லூரிகளில் பெண்கள் விடுதிக் கதவு சாயங்காலமே மூடிவிடும். பையன்கள் ராத்திரி பத்து மணிக்கும் லேபில் சால்டரிங் செய்துகொண்டிருப்பார்கள். எந்தக் கருவியும் மாலை ஆறு மணிக்குள் வேலை செய்யத் தொடங்கிவிடுவேன் என்று சத்தியம் பண்ணித் தருவதில்லை. கெட்டுப்போன கருவியோடு யார் ராத்திரி உட்கார்ந்திருந்தார்களோ அவர்கள்தான் காலையில் அதை 'என் கருவி' என்பார்கள். ஊரில் மகளைச் சேர்க்கும் முன் பிளேஸ்மென்ட் எவ்வளவு என்று கேட்பதோடு, லேப் எத்தனை மணி வரை, அவளுக்கும் அதே நேரம்தானா என்று கேளுங்கள்.

ஆட்களை வேலைக்கு எடுக்கும் இடத்திலும் நான் உட்கார்ந்திருக்கிறேன். இளம் பொறியாளர்களிடம் நான் தவறாமல் கேட்பது, "நீங்கள் எடுத்த அளவீடு ஒன்று தப்பு என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" ஒரு சாரார் தங்கள் ப்ராஜெக்டில் எல்லாம் சரியாக வந்தது என்பார்கள். இன்னொரு சாரார் முகம் மலர்ந்து, இருக்கையில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து கதை சொல்லத் தொடங்குவார்கள். மதிப்பெண்ணையோ கல்லூரிப் பெயரையோ வைத்து யார் எந்தச் சாரார் என்று முன்கூட்டிச் சொல்ல எனக்கு இன்றுவரை முடிந்ததில்லை.

மெக்கானிக்கல் பெண் லேபுக்கே போகிறாள் என்று கேள்வி. அப்பா இன்னும் என்னோடு முழுசாகப் பேசவில்லை. :-)

பெற்றோராக நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். வாரா வாரம் போனில் "மார்க் என்ன, சாப்பிட்டியா" என்று கேட்கிறோம். கூடவே இன்னும் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "இந்த வாரம் உனக்கும் தெரியாம, உங்க சாருக்கும் தெரியாம இருந்தது என்ன?" முதல் சில வாரம் "ஒண்ணுமில்லப்பா" என்றுதான் வரும். விடாமல் கேளுங்கள். ஒரு நாள் பதில் நீளமாக வரும், நமக்குப் பாதி புரியாது. குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு அப்புறம் கோடைக்கு எங்கே போவது என்று உங்கள் பிள்ளையே உங்களுக்குச் சொல்லும்.